கையுறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் ‘பரிசு’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளிக்கு விடை கூறிவிட்டு, இருபது ஆண்டுகளாக இரயில்வேயில் பயணச்சீட்டும் பார்சல் சீட்டும் எழுதி வருபவர் யாம். புலவர்கள் வீற்றிருக்கும் இவ்வவையில் ஆராய்ச்சி நிகழ்த்தும் தகுதி எமக்கில்லை. கண்டதையும், கேட்டறிந்ததையும், ஓரிடத்தில் விடை கூற இயலாது நாணி நின்றதையும் உள்ளவாறு எடுத்துரைப்போம். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதற்கண் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் தங்கவயலில் ‘கையுறை’ என்றவுடன் சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளி கையில் மாட்டிக்கொள்வதே நினைவுக்கு வரும். பழந்தமிழில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒருவரைக் காணச் செல்வோர் தம் கையில் கொண்டுசெல்லும் அன்புப் பொருளுக்குக் கையுறை என்று பெயர். அகப்பாடல்களில் தலைவன் தன் காதலிக்கு மலரையும், தழைகளைத் தொடுத்துச் செய்த தழையாடையையும் கையுறையாகக் கொண்டுவருவான். தோழி அதனை ஏற்பதும் உண்டு, மறுப்பதும் உண்டு. குறுந்தொகையின் முதற்பாட்டே தலைவன் தந்த காந்தள் மலரைத் தோழி மறுத்துரைக்கும் செய்யுளாகும். எங்கள் குன்றத்தில் இம்மலர் நிறைய உண்டே என்பது அவள் கூறும் காரணம். பரிசுப் பொருள் எவ்விடத்தது என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும். அவ்வழக்கத்தை யாம் மறந்திருந்தோம். அதனை நினைவூட்டியவர் ஓர் அயல்நாட்டவர்.

சில ஆண்டுகட்கு முன்பு, ஒரு பொங்கல் திருநாள். நம் கோலார் மாவட்டத்து நரசாபுரத் தொழிற்பேட்டையில் ஜப்பானியர் நடத்தும் தொழிற்சாலையும் உண்டென்பதை அறிவீர்கள். அப்பகுதியில் பணிபுரியும் எம் அண்டை வீட்டுத் தம்பி, தம் மேற்பார்வையாளரான ஜப்பானியப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார். “அண்ணா, இவர் நம் பொங்கலைப் பார்க்க ஆசைப்படுகிறார். அம்மாவுக்கு உடல்நலமில்லை. உங்கள் வீட்டில் இலை போடலாமா?” என்று கேட்டார். விருந்தினர் வருவதை வேண்டாமென்போமா? வரவேற்று அமர்த்தினோம்.

வந்தவர் கையில் நீலநிறத் துணியில் முடிந்த சிறு மூட்டை ஒன்று இருந்தது. அதனை எம் முன்னே அவிழ்த்து, உள்ளிருந்த இரண்டு பொருள்களை இரு கைகளாலும் ஏந்தித் தந்தார். துணியை நான்காக மடித்துத் தம் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்று மரப்பொம்மை, கையும் காலும் இல்லாது, உருண்டைத் தலையும் உருளை உடலுமாய், சிவப்பிலும் கறுப்பிலும் சில கோடுகளே கொண்டது. தலையைத் திருப்பினால் கீச்சென்று ஒலித்தது. எம் குழந்தை துள்ளிக் குதித்தாள். மற்றொன்று எம் மனைவியார்க்கு; பட்டுத்துணியில் மலர் போலச் செய்த கூந்தலணி.

தம்பி மொழிபெயர்க்க, அப்பெரியவர் விளக்கினார். அப்பொம்மைக்குக் கொகேஷி என்று பெயர். ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் வெந்நீர் ஊற்றுகள் மிகுந்த நருகோ என்னும் ஊரில் கடைந்தது. உடல்நலம் நாடி வெந்நீர் ஊற்றுக்கு வரும் உழவர்கள், திரும்புங்கால் தம் பிள்ளைகட்கு வாங்கிச் செல்வதற்கென மரம் கடைவோர் செய்யத் தொடங்கிய பொம்மை அது. தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடியில் செய்தவர் பெயர் மையால் எழுதப்பட்டிருந்தது. கூந்தலணியோ, சிறு சிறு சதுரப் பட்டுத் துண்டுகளை இடுக்கியால் மடித்து, அரிசிப் பசையால் ஒட்டி, இதழ் இதழாக அடுக்கியது. அதனைச் செய்யும் கலைக்கு, ‘கிள்ளி எடுத்தல்’ என்னும் பொருள்படும் ‘த்சுமாமி’ என்னும் சொல்லாலேயே பெயரிட்டுள்ளனர் என்றார்.

எம்மிடமும் கைம்மாறாக ஒன்று ஆயத்தமாக இருந்தது. நகரத்துக் கடையொன்றில் சென்னபட்டணத்து மரப்பொம்மை என்று கூறி விற்ற புகைவண்டி அது. இரயில்வே ஊழியன் வீட்டுப் பரிசு புகைவண்டியாகவே இருக்கட்டும் என்று மகிழ்ந்து, ஒன்றை எம் குழந்தைக்கும் ஒன்றை விருந்தினர்க்குமாக இரண்டு வாங்கி வைத்திருந்தோம். பெரியவர் இரு கைகளாலும் பெற்றுக்கொண்டார், திருப்பிப் பார்த்தார், பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். “இது எந்த மரம்? இவ்வண்ணம் எதனால் ஆனது? செய்தவர் யார்?”

ஒன்றுக்கேனும் எமக்கு விடை தெரியவில்லை. “கடையில் வாங்கியது” என்றோம். அவர் புன்னகையோடு தலைவணங்கி, மேலும் கேளாது விட்டார். அவர் கேளாது விட்டதே எம்மை மிகவும் வருத்தியது. மறுவாரம் எம் குழந்தை தன் வண்டியைத் தண்ணீரில் போட்டாள். வண்ணம் செதில் செதிலாக உரிந்தது. அடியில் சுரண்டியிருந்த ஒட்டுத்தாளில் வேறொரு நாட்டின் பெயர் பாதி தெரிந்தது. சென்னபட்டணம் எம் ஊரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தொலைவு. அங்கே செய்ததென்று எண்ணி, எங்கோ செய்த ஒன்றை யாம் பொங்கல் பரிசாகக் கொடுத்திருந்தோம்.

அன்று தொடங்கி அம்மூன்று கேள்விகளும் எம்மை விட்டு நீங்கவில்லை. முதலில் ஜப்பானியர் பரிசு வழக்கத்தையும் கைத்தொழிலையும் பற்றித் தேடிப் படித்தோம். அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே கூறுவோம்.

பயணம் சென்றவர் அவ்வூருக்கே உரிய பொருள் ஒன்றை வீட்டார்க்கும் அலுவலகத்தார்க்கும் கொண்டுவருதல் ஜப்பானியர்க்குக் கடமை போன்றது. அதற்கு ஓமியாகே என்று பெயர். நாமும் பழனி சென்றால் பஞ்சாமிர்தமும், தஞ்சை சென்றால் தலையாட்டிப் பொம்மையும் கொண்டுவருவோம். எம் போன்ற இரயில்வேக்காரரைக் கேட்டால், மணப்பாறைக்கு முறுக்கும் மத்தூருக்கு வடையும் என்று நிலையந்தோறும் பட்டியல் தருவோம். ஆயினும் அவர்கள் இவ்வழக்கத்தைக் கட்டுகின்ற கயிறுவரை ஒழுங்குபடுத்தியுள்ளனர். காகிதத்தை முறுக்கிச் செய்த மிசுஹிகி என்னும் கயிற்றால் பரிசைக் கட்டுவர். குழந்தைப் பிறப்புப் போன்று மீண்டும் மீண்டும் வரத்தக்க மகிழ்ச்சிக்கு, இழுத்தால் அவிழ்ந்து திரும்பக் கட்டத்தக்க முடிச்சு. திருமணத்திற்கோ, இழுத்தாலும் அவிழாத முடிச்சு. அது வாழ்வில் ஒருமுறையே நிகழவேண்டும் என்பது கருத்து. நான்கு என்னும் எண்ணும் சாவு என்னும் சொல்லும் அவர்கள் மொழியில் ஒரே ஓசையுடையன ஆதலின், நான்காகப் பொருள் தருவதைத் தவிர்ப்பர். மொய் எழுதும்போது நூற்றோடு ஒரு ரூபாயைச் சேர்க்கும் நமக்கு இது வியப்பாயிராது.

அவர் மடித்து வைத்துக்கொண்ட நீலத் துணிக்கு ஃபுரோஷிகி என்று பெயர். குளிக்குமிடத்தில் விரிக்கும் துணி என்பது சொல்லின் பொருள். பிறகு எதனையும் முடிந்து எடுத்துச் செல்லும் துணியாயிற்று. பிளாஸ்டிக் பை வந்தபின் அது மறையத் தொடங்கவே, 2006ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே அதனை மீண்டும் வழக்கிற்குக் கொணர முயன்றார். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும் இத்தகைய நோக்கத்தோடுதான். பண்டங்களைத் துண்டில் முடிந்து தோளில் தொங்கவிட்டு வந்த நம் பாட்டனார் இரண்டு அரசுகட்கும் முன்னோடி என்று சொல்லலாம்.

கைத்தொழிலைப் போற்றும் எண்ணம் அவர்கட்கும் தானாக வந்துவிடவில்லை. ஆலைப் பொருள்கள் பெருகி, ஊர்ப்புறத்துக் கைவினைஞர் மதிப்பிழந்த காலத்தில், யனாகி சோயெட்சு என்னும் அறிஞர், பெயர் தெரியாத தொழிலாளர் அன்றாடப் பயனுக்காகச் செய்யும் கலத்திலும் துணியிலும் உயர்ந்த அழகு உண்டென்று எடுத்துரைத்தார். அதற்கு மிங்கெய், அதாவது மக்கள் கைவினை, என்னும் பெயரை அவரும் நண்பர்களும் 1925இல் வழங்கினர். 1936இல் தோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினர். 1974ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு மரபுக் கைத்தொழில்களை வளர்க்கத் தனிச் சட்டம் இயற்றிற்று. ஒரு பொருள் அச்சட்டத்தின் கீழ் இடம்பெற ஐந்து தகுதிகள் வேண்டும். அன்றாட வாழ்வில் பயன்படுதல், செய்முறையின் முதன்மையான பகுதி கையால் நிகழ்தல், மரபான நுட்பம், மரபான மூலப்பொருள், ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் பலர் அத்தொழிலைச் செய்து வருதல். ஐந்தும் நிறைந்தவை இன்று 240க்கும் மேற்பட்டவை.

இதனால் அங்கே எல்லாம் செழிப்பு என்று எண்ணிவிடலாகாது. முதியோர் கையிலுள்ள தொழிலை ஏற்க இளைஞர் போதிய அளவு முன்வராத கவலை அங்கும் உண்டு. 2024 ஜனவரி முதல் நாளன்று நோட்டோ தீபகற்பத்தில் நேர்ந்த நிலநடுக்கத்தில், அரக்குப் பூச்சுக் கலங்கட்குப் புகழ்பெற்ற வாஜிமா நகரில் தொழிற்கூடங்கள் பல இடிந்தும் எரிந்தும் போயின. ஆயினும், வாங்குவோர் கேட்கும் கேள்விக்குப் பொருளின் அடியிலேயே விடை எழுதி வைக்கும் வழக்கம் அவர்களிடம் உள்ளது. அதுவே யாம் அவர்களிடம் கண்ட சிறப்பு.

இத்துணையும் அறிந்தபின், அடுத்த ஊரைப் பாராது அயல்நாட்டைப் புகழ்வது முறையன்று என்று தோன்றிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னபட்டணத்துக்கு வண்டி ஏறினோம்.

சென்னபட்டணம் என்றதும் சென்னை மாநகரை நினைந்துவிட வேண்டா. யாம் சொல்வது பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் பாதையில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். பொம்மையூர் என்றே கன்னட நாட்டார் அதனை வழங்குவர். திப்பு சுல்தான் பாரசீகத்துக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலைத் தொடங்குவித்தார் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறும் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியரின் கடைசல் நுட்பங்களை அறிந்து வந்து அவ்வூரார்க்குக் கற்பித்தார் என்பதும் அவர்கள் நன்றியோடு கூறும் செய்தி. அக்கால மைசூர் நாட்டினர் ஜப்பானை உற்று நோக்கியதற்கு வேறு சான்றும் உண்டு. பழைய கோலார் மாவட்டத்து முத்தேனஹள்ளியில் பிறந்த விசுவேசுவரய்யா 1898இல் ஜப்பானுக்குச் சென்று, கல்வியாலும் தொழிலாலும் அந்நாடு முன்னேறுவதைக் கண்டு வந்தவர். 1912 முதல் 1918 வரை மைசூர்த் திவானாக இருந்தபோது தொழில் வளர்ச்சிக்கு அவர் உழைத்ததை உலகறியும்.

யாம் சென்றது ஒரு சிறிய கடைசல் பட்டறை. முன்னாளில் கையால் வில்லை இழுத்துச் சுழற்றிய கடைசல், இந்நாளில் மின்விசையால் சுழல்கிறது. பட்டறைக்காரர் கன்னடமும் உருதும் பேசினார். எமக்காகச் சிறிது தமிழும் பேசினார். அம்மூன்று கேள்விகளையும் அவரிடம் கேட்டோம்.

எந்த மரம்? கன்னடத்தில் ஆலெ மரம். நம் தமிழில் வெட்பாலை. தோல் நோய்க்கு எண்ணெய் காய்ச்ச அதன் இலையைப் பறிப்போமே, அதே மரந்தான். யானைத் தந்தம் போல வெளிறிய நிறமும், உளிக்கு எளிதில் இணங்கும் மென்மையும் உடையது. அதனை வெட்டியவுடன் கடைவதில்லை. ஈரம் போகும்வரை காயவைத்த பிறகே கடைவர்.

வண்ணம் எதனால்? அரக்கினால். பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையை நாம் பாரதக் கதையில் கேட்டிருக்கிறோம். பட்டுப்புடவைக் கடையில் அரக்கு நிறம் கேட்கிறோம். பொள்ளலான நகைக்குள் தட்டார் நிரப்புவதும் அரக்கே. தங்கவயல்காரர்க்கு அரக்கின் எடையைக் கழித்துப் பொன்னின் எடையைக் கணக்கிடத் தெரியாதா? அது மரத்திலே வாழும் சிறு பூச்சிகள் கசியவிடும் பிசின். சார்க்கண்டுப் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பது. அதனை உருக்கி, மஞ்சள், குங்குமம், அவுரி போன்ற நிறப்பொருளைக் கலந்து, கோல் கோலாக உருட்டி வைத்துக்கொள்கின்றனர். மஞ்சளும் அவுரியும் சேர்ந்தால் பச்சையாம். கடைசலில் மரம் சுழலும்போது அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துவர். உராய்வில் எழும் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தைப் பற்றும். தூரிகையும் இல்லை, எண்ணெய் வண்ணமும் இல்லை. பிறகு தாழை மடலின் துண்டை எடுத்து, சுழலும் பொருளின்மேல் பிடிக்கின்றனர். அரக்கு ஒரே சீராகப் பரவி, கண்ணாடி போல மின்னத் தொடங்குகிறது. எம் கண்முன்னே ஒரு குங்குமச் சிமிழ் இவ்வாறு உருவாயிற்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கூறவேண்டும். ஜப்பானியர் பூச்சும் இதுவும் ஒன்றென்று சிலர் எண்ணுவர். அவர்களது உருஷி என்பது ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரம் தருவது ஏறக்குறைய 200 கிராம் பால் மட்டுமே. பச்சைப் பால் கையில் பட்டால் தடிப்பு உண்டாகும். பூசிய பின், ஈரமும் இளஞ்சூடும் உள்ள பெட்டியில் வைத்தால்தான் அது இறுகும். இறுகிய பின் சூடான குழம்பும் அதனை அசைக்காது. நம் அரக்கோ சூட்டில் இளகிப் பற்றுவது. மீண்டும் சூடு பட்டால் மீண்டும் இளகும். ஆகவே சென்னபட்டணத்துக் கிண்ணத்தில் கொதிக்கும் காப்பியை ஊற்றலாகாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இயல்பு உண்டு. அறிந்து வாங்கினால் குறை கூற நேராது.

உருளையாகக் கடைந்த பொருளில் அரக்கு வண்ணம் வளையம் வளையமாக அமையும் என்பதையும் அன்று கற்றோம். பொம்மைகள் மட்டுமின்றி, வளையல், காதணி, மணிமாலை, சிமிழ் என்று மகளிர் அணிந்தும் வைத்தும் பயன்படுத்தும் பொருள்களும் அங்கே செய்கின்றனர். நம் திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் கடைசலாலும் அரக்காலும் ஆனவையே. கன்னடியரும் தமிழரும் இத்தொழிலில் உறவினர் என்க.

மூன்றாம் கேள்விக்கு விடை கூறும்போது பட்டறைக்காரர் குரல் தாழ்ந்தது. “செய்தவர் யார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. பொம்மை எங்கெங்கோ போகிறது, எங்கள் பெயர் இத்தெருவைத் தாண்டுவதில்லை” என்றார். 2006ஆம் ஆண்டளவில் சென்னபட்டணப் பொம்மைகட்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயரைப் பிறர் தம் சரக்கிற்குச் சூட்டலாகாது என்பதே அதன் பொருள். சட்டம் நன்று. ஆனால் எம்மைப் போலக் கேளாமலே வாங்குவோர் உள்ளவரை, சட்டம் தனியே நின்று என்ன செய்யும்?

அவையோரே! பட்டறைக்காரர் கூறியதைக் கேட்டபோது எமக்கு எம் தந்தையார் நினைவு வந்தது. 1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே தொழில் தொடங்கியது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரை, இம்மண்ணிலிருந்து 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் வெளிப்பட்டது என்பர். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முன்னோர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வெப்பத்தில் வெந்து அதனைத் தோண்டினர். பொன் கட்டிகளாக வண்டியேறிச் சென்றது. எந்தக் கழுத்தில் எந்தத் தாலியாயிற்றோ, எந்தக் காதில் எந்தத் தோடாயிற்றோ, யாரறிவார்? அதனை அணிந்தவருள் எவரேனும், இதனைத் தோண்டியவர் யார் என்று கேட்டிருப்பாரா? எம் தந்தையார் முப்பது ஆண்டு இறங்கி ஏறினார். அவர் பெயர் எந்த நகையின் அடியிலும் இல்லை. கேட்கப்படாதவர் பிள்ளைகளாகிய நாமே, பிறர் கைத்தொழிலை வாங்கும்போது கேளாமல் வாங்கலாமா? இதுவே யாம் இன்று கூற வந்த செய்தி.

பொங்கல் நாளின் கதையில் ஒன்றைக் கூறாது விட்டோம். விருந்தினர் விடைபெறும்போது, எம் மனைவியார் பொங்கலும் வாழைப்பழமும் கரும்புத் துண்டும் வைத்து ஒரு ஒயர்க் கூடையை அவரிடம் தந்தார். பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய கூடை. பெரியவர் கூடையைத் தூக்கி நாற்புறமும் பார்த்துவிட்டு, வழக்கம்போல் கேட்டார்: “செய்தவர் யார்?”

எம் மனைவியார் சற்றும் தயங்கவில்லை. “நான்தான். பெங்களூரில் தையல் வேலைக்குப் போய்வந்த நாளில், வண்டியிலேயே பின்னியது” என்றார்.

1894இல் பொன்னுக்காக அமைத்த மாரிகுப்பம் பாதை, சுரங்கம் மூடிய பின் நம் மக்களைத்தான் சுமக்கிறது. விடியுமுன் வண்டியேறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். அவ்வண்டியில் பூத்தொடுக்கும் கையையும், கூடை பின்னும் கையையும் யாம் நாள்தோறும் காண்கிறோம். பெரியவர் அக்கூடையை இரு கைகளாலும் ஏந்தி, எம் மனைவியார்க்கு மும்முறை தலைவணங்கினார். அடுத்த ஆண்டு தம்பி வந்து கூறினார்: “அண்ணி, அந்தக் கூடை ஜப்பானில் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறதாம். தங்கவயலில் ஓர் அம்மையார் புகைவண்டியில் பின்னியது என்று வருவோர்க்கெல்லாம் சொல்கிறாராம்.” யாம் காசு கொடுத்து வாங்கிய வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

ஒயர் பிளாஸ்டிக்தானே, மரபான பொருளா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானியச் சட்டத்தின் ஐந்து தகுதிகளுள் நான்காவதில் அது தோற்றுவிடும். ஆயினும் செய்தவர் யார் என்னும் கேள்விக்கு அக்கூடையிடம் விடை இருந்தது. எம் புகைவண்டியிடம் அது இல்லை.

ஆதலின், இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: இவ்வாண்டுப் போட்டிகளில் வென்ற பிள்ளைகட்கு நாற்பது கேடயங்கள் வழங்கினோம். ஒன்று 250 ரூபாயாக, மொத்தம் 10,000 ரூபாய். பளபளக்கும் அக்கேடயத்தின் பூச்சு அடுத்த ஆண்டுக்குள் கறுத்துவிடும். வரும் ஆண்டில் அத்தொகையைக் கொண்டு சென்னபட்டணத்துப் பட்டறையிலேயே நேராக வாங்குவோம். யாம் அங்கே பார்த்த சிமிழும் எழுதுகோல் தாங்கியும் அவ்விலைக்குள் அடங்கின. வாங்கிவரும் பொறுப்பை யாமே ஏற்போம்.

இரண்டாவது: மகளிர் அணியினர் பின்னும் கூடைகளிலும் தைக்கும் பைகளிலும் ஒரு பகுதியைச் சங்கமே உரிய கூலி கொடுத்துப் பெற்று, விருந்தினரைச் சிறப்பிக்கும்போது பொன்னாடைக்கு மாற்றாக வழங்கலாம். அன்பளிப்பு என்று சொல்லி நம் பெண்கள் உழைப்பை இலவசமாகப் பெறலாகாது.

மூன்றாவது: ஒவ்வொரு பரிசோடும் ஒரு சிறு அட்டை இருக்கட்டும். அதில் என்ன பொருள், எந்த ஊர், செய்தவர் யார் என்ற மூன்று வரிகள் எழுதுவோம். அட்டை எழுதுவது எழுத்தர் வேலை. அதனையும் யாமே செய்வோம்.

நேற்றைய செயற்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர், “பிள்ளைகள் பெரிய கோப்பையைத்தானே விரும்புவார்கள்? சின்னச் சிமிழைக் கொடுத்தால் முகம் வாடாதா?” என்று வினவினார். வாடக்கூடும். அதனை மறுக்க மாட்டோம். எம் குழந்தையும் முதலில் மின்னும் புகைவண்டியைத்தான் விரும்பினாள். இன்று அவ்வண்டி வீட்டில் இல்லை. தலை திருப்பினால் கீச்சிடும் மரப்பொம்மை இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தோழியிடமும் அதனைத் தலைகீழாகத் திருப்பி, அடியிலுள்ள பெயரைக் காட்டுகிறாள். அவ்வெழுத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு விழாவில், பரிசு பெறும் பிள்ளை மேடையிலிருந்து இறங்கியவுடன், அட்டையைப் படித்துத் தன் தாயிடம், “அம்மா, இதைச் செய்தவர் பெயர் இது” என்று சொல்லுமானால், எம் தந்தையாரைப் போலப் பெயரின்றி உழைத்தவர்க்கெல்லாம் நாம் செலுத்தும் கையுறை அதுவாகும்.